எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலிருந்து எஸ்.எம்.எஸ். வரை

ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று போட்டார்கள். அது ஒரு பட்டம். தேறாதவர்களும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. வேலைக்கு மனுப் போடும்போது 'எஸ்.எஸ்.எல்.சி. (ஃபெயில்)' என்று கூச்சமில்லாமல் எழுதினார்கள். ஆறாம் பாரம் வரை போய்ப் பரீட்சை எழுதினவன் என்பதற்கே ஊரில் ஒரு மரியாதை இருந்தது. இன்று தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறிவிடுகிறார்கள். 2025ல் கணக்கு 95.03 சதவீதம். அதை எந்தப் பத்திரிகையிலும் யாரும் போட்டுக்கொள்வதில்லை.

பொதுத் தேர்வு நடக்கும் விதமும் விடைத்தாள் திருத்தும் விதமும் முன்பைவிட நன்றாகவே ஆகியிருக்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு ஒழுங்காக எடைபோட்டுக் கொடுக்கிற மதிப்பெண்ணுக்குச் சந்தையில் விலை இறங்கிவிட்டது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்திருப்பதுதான் வேடிக்கை.

பழைய கதையிலிருந்து வருவோம். 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபிறகு பள்ளிப் படிப்பின் கடைசிப் படியாக இருந்தது அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு. சொல்லிக்கொடுப்பது பள்ளிக்கூடம், சோதிப்பது பல்கலைக்கழகம். 1911ல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கடைசியில் எழுதும் பரீட்சையை மட்டும் நம்பாமல், பள்ளியில் மாணவன் வாங்கிய மதிப்பெண்களையும் பொதுத் தேர்வில் வாங்கியதையும் ஒரே புத்தகத்தில் பதிந்து கையில் கொடுத்தார்கள். கல்லூரிக்காரரோ கச்சேரிக்காரரோ இரண்டையும் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்பது எண்ணம். அகமதிப்பீடு என்று நாம் இன்று புதுச் சரக்கு போலப் பேசுவது நூறு வருஷம் பழையது.

அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். என் அப்பாவினுடையது வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அட்டை விளிம்பு நைந்து, நடுவில் தையல் விட்டு, பக்கங்கள் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன. பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி. அதற்குக் கீழே அங்க அடையாளங்கள்: இடது முழங்கைக்குக் கீழ் ஒரு மச்சம், வலது புருவத்தருகே ஒரு தழும்பு. போட்டோ இல்லாத காலத்தில் ஆள் மாறாட்டத்துக்கு மச்சம்தான் காவல். பிறகு நான்காம் பாரம், ஐந்தாம் பாரம், ஆறாம் பாரம் என்று வரிசையாகப் பள்ளி மதிப்பெண்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் தலைமை ஆசிரியரின் இனிஷியல். ஆங்கிலமும் கணக்கும் போட்டி போட்டுக்கொண்டு காலை வாரியிருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. கடைசியில் பொதுத் தேர்வு மதிப்பெண். கல்லூரியில் சேரத் தகுதி என்ற குறிப்பு அங்கே விழுந்தால்தான் மேலே இன்டர்மீடியட், பின்னாளில் பி.யூ.சி.

அந்தப் புத்தகம் மதிப்பெண்ணைவிடப் பிறந்த தேதிக்குத்தான் அதிகம் பயன்பட்டது. அரசு வேலையில் சேர, ஓய்வுபெற, பாஸ்போர்ட் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுவே சாட்சி. முதல் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார், அதுவே ஆயுசுக்கும் நின்றுவிடும். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தை ஒட்டிப் 'பிறந்தவர்கள்' அந்தத் தலைமுறையில் ஏராளம். இன்றைக்கும் வயதுக்கு ஆதாரம் என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத்தான் நீட்டுகிறோம்.

1978ல் பெரிய மாற்றம் வந்தது. பதினோரு வருஷப் பள்ளி, ஒரு வருஷ பி.யூ.சி. என்றிருந்தது போய், பத்து வருஷம் கழித்து இரண்டு வருஷம் மேல்நிலைக் கல்வி என்றானது. எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்போடு நின்றது. முதல் பிளஸ் டூ தேர்வு 1980ல் நடந்தது. பி.யூ.சி.க்காக வெளியூர் ஹாஸ்டலில் தங்க வேண்டியிருந்த பிள்ளைகள், பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலேயே அந்தப் படிப்பைப் படிக்க முடிந்தது. கிராமத்துப் பெண்கள் எத்தனை பேர் இந்த ஒரு மாற்றத்தால் கல்லூரி வாசல் வரை வந்தார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். தலையெழுத்தைத் தீர்மானிக்கும் தேர்வு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்ததும் அப்போதுதான்.

பிளஸ் டூ என்றால் 1200. ஆறு பாடம், பாடத்துக்கு 200. அந்த எண் நாற்பது வருஷம் நம்மை ஆண்டது. ஆயிரத்தைத் தாண்டியவன் கெட்டிக்காரன், ஆயிரத்து நூறு என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். செய்முறைத் தேர்வுள்ள பாடங்களில் எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. பிப்ரவரியில் ஆய்வகத்தில் உப்பைச் சூடுகாட்டி, சாம்பலை முகர்ந்து, பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் தேர்வாளர் முன்னால் நடுங்கி நின்ற அனுபவம் இல்லாத அறிவியல் பிரிவு மாணவர் கிடையாது. அந்த எக்ஸ்டெர்னலுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தக் காலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் 1200 என்பது வெளிக்கூடுதான். உள்ளே வேறொரு கணக்கு ஓடியது. 1984ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பொறியியலோ மருத்துவமோ, பிளஸ் டூ பாடங்களிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, மொத்தம் 300க்குக் கட் ஆஃப். நுழைவுத் தேர்வுக்கு டவுனில் கோச்சிங் இருந்தது, கிராமத்தில் இல்லை. அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் அரசு அதை எடுத்தது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்கை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. இதில் அரை மார்க், கால் மார்க் கூட உயிர். 198.25 எடுத்தவனுக்கும் 198.50 எடுத்தவனுக்கும் நடுவே எத்தனையோ பெயர்கள். அப்படியும் இரண்டு பேர் சமமாக வந்தால் மற்ற மதிப்பெண்களைப் பார், பிறந்த தேதியைப் பார், கடைசியில் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட ரேண்டம் எண்ணைப் பார். பன்னிரண்டு வருஷப் படிப்பு ஒரு குலுக்கலில் போய் முடிந்தது.

கட் ஆஃப் பைத்தியம் முற்றியபோது சில ஊர்கள் அதற்காகவே பெயர் பெற்றன. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பிளஸ் ஒன் பாடம் என்று ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. பதினொன்றாம் வகுப்பு ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். இரண்டு வருஷமும் ஒரே புத்தகம், திரும்பத் திரும்பத் தேர்வு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மதிப்பெண், எத்தனை பத்து மதிப்பெண் என்று ப்ளூபிரிண்ட் கையிலிருக்கும். ஒரு மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் புத்தகத்தின் பின்னாலிருந்தே வரும், அதற்கு 'புக் பேக்' என்று பெயர். வராத பாடத்தை விட்டுவிடலாம். கம் புக், வினா வங்கி, கோனார் உரை என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கைத்தடி இருந்தது. இயற்பியலில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கிவிட்டுப் பொறியியல் முதல் வருஷத்தில் அதே இயற்பியலில் அரியர் வைத்தவர்களைக் கல்லூரிப் பேராசிரியர்களிடம் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள், விரல் போதாது.

பத்தாம் வகுப்பிலும் இதே ஓட்டம்தான். 2011 வரை மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று தனித்தனி வாரியங்கள் இருந்தன. சமச்சீர்க் கல்வி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012ல் எல்லோரும் ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வை 500 மதிப்பெண்ணுக்கு எழுதினார்கள். மூன்றே வருஷத்தில், 2015ல், 499 வாங்கி மாநிலத்தில் முதலிடத்தைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் 41 பேர். முதலிடத்துக்கு 41 பேர் என்றால் அந்த இடத்துக்கு என்ன அர்த்தம்? போட்டோ எடுக்க வந்த பத்திரிகைக்காரர்கள்தான் திண்டாடினார்கள்.

ரிசல்ட் வருகிற விதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ரிசல்ட் என்பது மாலைப் பத்திரிகை. பெயர் வராது, மதிப்பெண் வராது. தேறியவர்களின் பதிவெண்கள் மட்டும் எறும்பு வரிசை போலப் பக்கம் பக்கமாக வரும். பேப்பர் கட்டு பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்துக்கு முன்பே பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நிற்கும். கட்டுப் பிரிப்பதற்குள் பிடுங்கிக் கிழித்துவிடுவார்கள். எண் வரிசையில் நம்பர் இருந்தால் தேர்ச்சி. இல்லாவிட்டால், இன்னொரு தடவை மேலிருந்து பார்ப்பான், பிறகு வேறொரு பேப்பரில் பார்ப்பான், அச்சுப் பிழையாக இருக்கும் என்று நாலு பேர் சொல்வார்கள். சில சமயம் அச்சுப் பிழையாகவே இருந்ததும் உண்டு. ஊரில் பத்திரிகை ஏஜெண்டுக்கு அன்றைக்கு ஒரு நாள் கலெக்டர் மரியாதை. எத்தனை மார்க் என்று தெரிய இன்னும் சில நாள் காத்திருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

தவறியவர்கள் பாடு இதைவிட மோசம். மறுபடி எழுத செப்டம்பர், அக்டோபர் ஆகும். அதில் தேறினாலும் அந்த வருஷம் கல்லூரி வாசல் மூடியிருக்கும். ஒரு பாடம் போனால் ஒரு வருஷம் போச்சு. அந்த ஒரு வருஷத்தில் பையன் மளிகைக் கடையிலோ லேத் பட்டறையிலோ உட்கார்ந்திருப்பான். பெண்ணாக இருந்தால் வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். படிப்பை நிறுத்தியது தோல்வி அல்ல, அந்தக் காத்திருப்பு.

இன்று காலை ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் பள்ளியில் கொடுத்த செல்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. பாட வாரியாக மதிப்பெண், மொத்தம், தேர்ச்சி எல்லாம் கையடக்கத்தில். கூட்டமும் இல்லை, கிழிசலும் இல்லை. தவறியவர்களுக்கு ஜூன், ஜூலைக்குள் துணைத் தேர்வு. அதில் தேறினால் அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். கடந்த ஐம்பது வருஷத்தில் பொதுத் தேர்வில் நடந்த மிக நல்ல மாற்றம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்கு யாரும் விழா எடுக்கவில்லை.

திருத்தும் இடத்துக்குப் போவோம். வெளியே இருப்பவர்களுக்கு அது ஏதோ ரகசியக் கோட்டை. உண்மையில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைதான். ஏப்ரல் வெயில், ஓட்டை ஃபேன், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஐம்பது வயது வாத்தியார்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர்கள் இதைக் 'கேம்ப்' என்பார்கள். முதன்மைத் தேர்வாளர் ஒருவர், அவர் கீழ் சில உதவித் தேர்வாளர்கள், பேச்சில் சி.இ., ஏ.இ. பிளஸ் டூ என்றால் ஒருவருக்குக் காலையில் 12 தாள், மத்தியானம் 12 தாள். அதற்குமேல் கிடையாது. முதலில் விடைக்குறிப்பு வரும், அதைக் 'கீ' என்பார்கள். கீயில் இல்லாத சரியான விடையை ஒரு பிள்ளை எழுதியிருந்தால் என்ன செய்வது என்று அங்கே நடக்கும் விவாதத்தைப் பார்த்தால் இவர்கள் மேல் மரியாதை வரும். கணக்கில் விடை தப்பாக இருந்தாலும் வழிமுறை சரியாக இருக்கிற வரைக்கும் ஸ்டெப் மார்க். கேள்வியே தப்பு என்றால், அதை எழுத முயன்றவர்களுக்கெல்லாம் மதிப்பெண் கொடு என்று உத்தரவு வரும். 'அட்டெண்ட் பண்ணியிருந்தாப் போதும்' என்ற அந்த வாக்கியம் கேம்ப்பில் ஒரு கொண்டாட்டம்.

தமிழ்த் தாள் திருத்துகிறவர்கள் தனி ஜாதி. ஒற்றுப்பிழைக்கு அரை மார்க், சந்திப்பிழைக்கு அரை மார்க் என்று சீவிக்கொண்டே போவார்கள். தமிழில் சென்டம் என்பது நடக்காத காரியம் என்றே பல தலைமுறை நம்பியது. பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்தால் மார்க் கொட்டும் என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே ஓடினார்கள்; அதனால்தான் மாநில ரேங்க் அறிவிக்கும்போது 'தமிழை மொழிப்பாடமாகக் கொண்டு' என்று ஒரு அடைமொழி போட வேண்டியிருந்தது. அந்தக் கண்டிப்பு இப்போது தளர்ந்துவிட்டது. 2023ல் திண்டுக்கல் மாணவி ஒருவர் தமிழ் உள்பட எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண் எடுத்து 600க்கு 600 வாங்கினார். தமிழாசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தாள் யாருடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. அன்றைக்கு இதற்கு டம்மி நம்பர். விடைத்தாளின் பதிவெண் பகுதியைக் கிழித்தெடுத்துவிட்டு, அதற்குப் பதில் வேறொரு எண்ணைக் கையால் எழுதுவார்கள். இந்தக் கையெழுத்து வேலையில் ஒரு எண் மாறினால் ஒரு பிள்ளையின் மார்க் இன்னொரு பிள்ளைக்குப் போகும். அடிஷனல் ஷீட் வாங்கி வெள்ளை நூலால் கட்டிக் கொடுத்த காலம் அது. முடிச்சு அவிழ்ந்து ஒரு தாள் நழுவினால் கேட்பாரில்லை. இப்போது மாணவரின் போட்டோ, பெயர், பதிவெண், பார்கோடு எல்லாம் அச்சடித்த முகப்புத் தாள் தேர்வுத் துறையிலிருந்தே வருகிறது. தேர்வுக்கு முன் பள்ளிகளில் தையல் இயந்திரத்தை வைத்து அதை விடைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைக்கிறார்கள். பெயருள்ள பகுதி தேர்வு மையத்திலேயே கிழிக்கப்படும், பார்கோடு மட்டும் தாளோடு பயணம் போகும். அப்பா புத்தகத்தில் இருந்த மச்சத்தின் வேலையைப் போட்டோ பார்த்துக்கொள்கிறது.

திருட்டும் மாறியிருக்கிறது. அன்று தொடையில் எழுதுவது, சட்டைக் காலருக்குள் பிட், ஜன்னல் வழியாக எறிகிற அண்ணன்மார்கள். பறக்கும் படை ஜீப் வருகிறது என்றால் பிட்டுகள் வாய்க்குள் போகும். 2015 மார்ச்சில் ஓசூரில் பிளஸ் டூ கணக்குக் கேள்வித்தாளைத் தேர்வறையிலேயே செல்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகத் தனியார் பள்ளி ஆசிரியர்கள் கைதானார்கள். பிட் அடித்தது பையன் அல்ல, வாத்தியார். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டாவிட்டால் அடுத்த வருஷம் சேர்க்கை குறையும் என்கிற பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

2017ல்தான் பெரிய கலைப்பு. அந்த மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது, மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்ற அறிவிப்பே இல்லை. ரேங்க் ஒழிந்தது. முந்தின வருஷம் வரை அந்த நாளில் டிவி முழுக்க லட்டு ஊட்டும் காட்சியாக இருக்கும். அதே வருஷம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்தார்கள், பதினொன்றாம் வகுப்பை விழுங்கிய பள்ளிகளுக்கு வைத்த வேட்டு. பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது, 1200 என்பது 600 ஆனது. ப்ளூபிரிண்ட் போனது, பிறகு மொழிப்பாடங்களுக்கு இரண்டு தாள் இருந்ததும் ஒன்றானது. புத்தகத்தில் எங்கிருந்தும் கேள்வி வரலாம், யோசித்து எழுத வேண்டிய கேள்வியும் வரும் என்றார்கள். மாணவர்கள் அதற்கு 'கிரியேட்டிவ் கேள்வி' என்று பெயர் வைத்து, அதற்கும் ஒரு கைடு வாங்கிவிட்டார்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷ மார்க்கையும் சேர்த்துக் கல்லூரிக்குக் கணக்கிடுவது என்பது முதல் திட்டம். ஒரே வருஷத்தில், பெற்றோர் சத்தம் போட்டதும், பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று திரும்பிவிட்டார்கள். கணக்கில் சேராத தேர்வுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? 2025ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத் தேர்வையே எடுத்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத் தேர்வு என்பது அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை விழுங்கும் பழைய வழக்கம் மறுபடி தலைகாட்டாது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஜூன் மாதம் சில விடுதிப் பள்ளிகளில் எந்தப் புத்தகம் திறக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தேர்ச்சிக்கு இன்று என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் பலருக்கே தெரியாது. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 70க்கு 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. செய்முறை இல்லாத பாடத்தில் 90க்கு 25. அகமதிப்பீட்டில் வருகை, வகுப்புத் தேர்வு, ஒப்படைவு என்று பள்ளியே போடுகிற மார்க். தன் பிள்ளைக்குக் குறைத்துப் போடுகிற பள்ளியை நான் பார்த்ததில்லை. செய்முறையிலும் ஏறக்குறைய அதே தாராளம். ஆக, 70க்கு 15 எடுக்கிற பிள்ளை தேறிவிடுகிறது. 95 சதவீதத்தின் உள் கணக்கு இதுதான்.

இதைப் பார்த்துப் 'படிப்பு கெட்டுப்போச்சு' என்று பெருமூச்சு விடுகிற கூட்டத்தில் நான் இல்லை. பாதிப் பேரைத் தோற்கடித்துத் தெருவில் விட்ட பழைய தேர்வு எந்த விதத்தில் உசத்தி? அது சொல்லிக்கொடுக்காத பள்ளிக்கூடத்துக்குத் தண்டனை கொடுக்காமல் பிள்ளைக்குக் கொடுத்தது. என் வருத்தம் வேறு. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவுக்கு அந்த மார்க் மருத்துவக் கல்லூரி வாசலைத் திறக்கவில்லை என்பதை நாடே பார்த்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொஞ்சம் கைகொடுத்தது, ஆனால் அதற்கும் நீட் எழுதத்தான் வேண்டும். ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ., வேறு சில பல்கலைக்கழகங்களுக்கு வேறு சில நுழைவுத் தேர்வுகள். பிளஸ் டூ மார்க்கை மட்டும் நம்பி இன்னமும் நிற்பது தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வும் கலை அறிவியல் கல்லூரிகளும் சட்டம், வேளாண்மை போன்ற சில படிப்புகளும். அங்கேயும் சென்டம் ஆயிரக்கணக்கில் விழுவதால், 95க்கும் 98க்கும் நடுவே உள்ள வித்தியாசம் படிப்பைக் காட்டுகிறதா, பழக்கத்தைக் காட்டுகிறதா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

கோச்சிங் ஒழிய வேண்டும் என்று 2007ல் ஒரு நுழைவுத் தேர்வை எடுத்தோம். பத்து வருஷத்தில் அதைவிடப் பெரிய கோச்சிங்கோடு அதைவிடப் பெரிய தேர்வு வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இருந்த இடம் போனது இதில்தான். பல தனியார் பள்ளிகளில் கோச்சிங் நிறுவனம் உள்ளேயே வந்து பாடம் நடத்துகிறது. பொதுத் தேர்வுப் பாடம் மீதி நேரத்தில்.

கொரோனா வருஷங்கள் ஒன்றை நிரூபித்தன. 2020ல் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து, காலாண்டு, அரையாண்டு மார்க்கையும் வருகையையும் வைத்து எல்லோருக்கும் தேர்ச்சி கொடுத்தார்கள். 2021ல் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போனார்கள், படித்தார்கள், வேலைக்குப் போய்விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பயம் மட்டும் குறையவில்லை. மார்ச் மாதம் காலை பத்து மணிக்கு மணி அடித்து, கேள்வித்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், முகப்புத் தாள் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் என்று 10.15க்கு எழுதத் தொடங்கும்போது, வாசலில் அம்மாக்கள் கோவில் குங்குமத்தோடு நிற்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். ரேங்க் ஒழிந்தும் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் ஒழியவில்லை. 'மாநில முதலிடம்' என்பதற்குப் பதில் '590க்கு மேல்' என்று தலைப்பு மாறியிருக்கிறது.

பிள்ளைகள் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு காரியம். மார்க் குறைந்திருக்கிறது என்று பிளஸ் டூ பிள்ளை உறுதியாகச் சொன்னால், அவசரப்பட்டு மறுகூட்டலுக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கினால்தான் பிறகு மறுமதிப்பீடு கேட்கிற வழி திறந்திருக்கும். நகலுக்குப் பாடத்துக்கு ரூ.275, மறுமதிப்பீட்டுக்கு ரூ.505 என்பது சில வருஷங்களாக இருந்துவரும் கட்டணம். கையில் வந்ததும் பாட ஆசிரியரிடம் உட்கார்ந்து, கீயை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பாருங்கள். கெடு சில நாள்தான், பள்ளியில் உடனே கேளுங்கள். பிள்ளை தவறியிருந்தால் அன்றைக்கே துணைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். திட்டுவதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் தமிழ்நாடு அரசின் 14417, 104 இரண்டு எண்களில் எதற்கு அடித்தாலும் பேச ஆள் இருக்கிறார்கள்.